டயர் உள்பக்கம் மட்டும் மொட்டை ஆனதும், திருச்சி அரியமங்கலம் பக்கம் ஒரு அலைன்மென்ட் கடையும்

நம்ம வண்டி 2016 வேகன்ஆர், 92,000 ஓடியிருக்கு. முன்னாடி டயர் ரெண்டும் போட்டு 18,000 கூட ஆகல. போன மாசம் பஞ்சர் ஒட்ட வீல கழட்டுன பையன் "சார் இத கொஞ்சம் பாருங்க"ன்னு திருப்பி காட்டுறான், வெளிய இருந்து பாத்தா பட்டன் (டயர் மேல இருக்குற ரப்பர் கட்டை) எல்லாம் அப்படியே இருக்கு, உள்பக்க ஓரத்துல ரெண்டு விரல் அகலத்துக்கு மொழுமொழுன்னு மொட்டை, ஒரு எடத்துல கம்பி எட்டி பாக்குது. இதே டயர்ல தான் முந்துன வாரம் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு மதுரை வரைக்கும் நூறுல போயிட்டு வந்தேன், நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது.

கடுப்பு என்னன்னா அலைன்மென்ட் (சக்கரம் நிக்குற கோணத்த சரி பண்றது) ஒழுங்கா பண்ணிட்டு தான் இருந்தேன். ஏசி ரூம், காபி எல்லாம் குடுக்குற ஒரு பெரிய கடை (பேரு வேணாம்), ரெண்டு தடவையும் எல்லா அளவும் சரி, பச்சைன்னு பேப்பர் குடுத்தாங்க. இப்ப டயர கொண்டு போய் காட்டுனா "கேம்பர் அவுட் சார், நாலு டயரும் மாத்திட்டு கேம்பர் கரெக்ஷன் பண்ணிரலாம்"ங்குறான். கேம்பர்னா சக்கரம் உள்ளயோ வெளியவோ சாஞ்சு நிக்குற அளவு, இந்த வண்டில அத திருப்ப ஸ்க்ரூவே கெடையாதேப்பா, எத பண்ணுவீங்கன்னு கேட்டா மேனேஜர கூப்பிடுறான். வந்துட்டேன்.

அப்பறம் ஆபீஸ்ல ஒருத்தர் சொல்லி தான் இந்த கடை, பால்பண்ணைல இருந்து அரியமங்கலம் போற வழி, பெரிய போர்டு கூட இல்ல. அண்ணனுக்கு அம்பது வயசு இருக்கும், மெஷின் பக்கமே போகல. முதல்ல டயர் மேல உள்ளங்கைய வச்சு உள்ளருந்து வெளிய ஒரு தடவு, வெளியருந்து உள்ள ஒரு தடவு. "நீங்க தடவி பாருங்க தம்பி"ன்னாரு. ஒரு பக்கமா தடவுனா வழுவழு, திருப்பி தடவுனா அரம் மாதிரி கைய புடிக்குது. கேம்பர்னா சும்மா தேயும், இப்படி பல்லு வராது, இது டோ பிரச்சனை, அதாவது முன் சக்கரம் ரெண்டும் நேரா பாக்காம வெளிய பாத்துக்கிட்டு ஓடியிருக்குன்னாரு. அப்ப ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கணுமே அண்ணேன்னு கேட்டேன். ரெண்டும் ஒரே அளவு வெளிய திரும்புனா இழுக்காது, வண்டி நேரா தான் போகும், டயர் மட்டும் தேயும்னாரு. இது சத்தியமா எனக்கு தெரியாது, இழுக்கலன்னா எல்லாம் சரின்னே இத்தன வருஷம் ஓட்டுனேன்.

வண்டிய தூக்கி லோயர் ஆர்ம் (சக்கரத்த வண்டியோட அடில புடிச்சிருக்குற கை) ரப்பர் புஷ்ல லீவர குடுத்து நெம்புனாரு, ரப்பர் வாய பொளந்துச்சு. நிக்கும்போது மெஷின்ல ஒரு அளவு காட்டும், பிரேக் அடிச்சா ஆர்ம் பின்னாடி போய் வேற அளவு ஆயிடும், இத விட்டுட்டு அலைன்மென்ட் பண்றது தண்ணில கோலம் போடுற மாதிரின்னாரு. ரெண்டு லோயர் ஆர்ம், டை ராடு எண்டு (ஸ்டியரிங்ல இருந்து சக்கரத்த திருப்புற கம்பியோட முனை), லேபர் எல்லாம் சேத்து 6,400. அதுக்கப்பறம் தான் அலைன்மென்ட், 500 ரூபா. அதுலயும் மொதல்ல நாலு டயருக்கும் காத்து பாத்துட்டு, ஸ்டியரிங்க நேரா கட்டிட்டு தான் டை ராட தொட்டாரு. பெரிய கடைல ஒரு நாளும் காத்து பாத்து நான் பாத்ததில்ல.

புது டயர் ரெண்டு தான் வாங்க சொன்னாரு, அதையும் பின்னாடி போட்டு பின்னாடி இருந்தத முன்னாடி மாத்திட்டாரு. புதுசு முன்னாடி தான போடணும்னு நான் மல்லுக்கட்டுனேன், மழைல பின்பக்கம் வழுக்குனா உங்க கைல நிக்காது தம்பின்னு முடிச்சிட்டாரு.

கொறையும் இருக்கு. உக்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் சேர், அதுலயும் பூனை படுத்திருக்கு. நான் போனது சனிக்கிழமை, ரெண்டரை மணி நேரம் காத்திருந்தேன், போன் பண்ணா எடுக்க மாட்டாரு, கார்டு கெடையாது ஜிபே மட்டும் தான். ஞாயிறு லீவு. பில்லும் கேட்டா தான் எழுதுறாரு, கேட்டு வாங்கிக்கங்க.

இப்ப 4,000 ஓடியாச்சு. மாசம் ஒரு தடவ ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு விட்டுட்டு குனிஞ்சு கைய விட்டு உள் ஓரத்த தடவி பாக்குறேன், அரம் இல்ல. அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேன் தான் "என்ன சார் தெனம் டயர்ல என்னத்த தேடுறீங்க"ன்னு கேக்குறாரு.