காசு கட்டி இன்டர்ன்ஷிப் போகப் போகிறீர்களா? இதை ஒருக்கா வாசியுங்கோ

பம்பைமடுவில், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறேன், வீடு புதுக்குடியிருப்பில். தொழிற்பயிற்சிக்கு இடம் தேடும் காலம் வந்தால் எங்கள் பக்கத்துப் பெடியளுக்குத் தலையிடிதான். கொழும்பில் அறை வாடகையும் சாப்பாடும் வீட்டுக்குக் கட்டாது. அதனால் 'வீட்டிலிருந்தே பயிற்சி, முடிவில் சான்றிதழ்' என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்ததும் விழுந்துவிட்டேன். கொம்பனியின் பெயரை எழுதப்போவதில்லை.

நேர்முகம் பத்து நிமிட வாட்ஸ்அப் அழைப்பு. அவர்கள் பக்கம் கமெரா நிறுத்தியிருந்தது. அன்று பின்னேரமே 'தெரிவாகிவிட்டீர்கள், 15,000 ரூபாய் வைப்பு கட்டுங்கள், பயிற்சி முடிய திருப்பித் தருவோம்' என்று செய்தி வந்தது. அம்மா சீட்டுக் காசில் எடுத்துத் தந்தார். வங்கியில் காசு கட்டும்போது கவுண்டரில் இருந்த அக்கா, "இது ஆரின்ர பேர் தம்பி, கொம்பனிக் கணக்கு இல்லையோ?" என்று கேட்டார். "அது அவையின்ர கணக்காளர் அக்கா" என்று நானே அவர்களுக்காகப் பதில் சொன்னேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

தந்த வேலை கடைகளுக்கான பில் போடும் மென்பொருள். பில்லைத் தமிழில் அச்சடிக்க வேண்டும் என்றார்கள். கடைகளில் இருக்கும் சின்னத் தெர்மல் பிரிண்டருக்கு (மையில்லாமல், தாளைச் சூடாக்கி அச்சடிப்பது) தமிழ் எழுத்து தெரியாது. நேரே அனுப்பினால் கேள்விக்குறியாகக் கொட்டும். பில் முழுவதையும் ஒரு படமாக வரைந்து, 58 மில்லிமீற்றர் தாளுக்கு 384 புள்ளி அகலத்துக்குள் அடக்கி அனுப்ப வேண்டும். முதலில் 'கெ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. அதைச் சரிசெய்யவே மூன்று கிழமை போனது. உண்மையைச் சொன்னால் அந்த மூன்று கிழமையில் படித்தது ஒரு செமஸ்டரில் படிக்காதது. அதனால்தான் சந்தேகப்படவும் தோன்றவில்லை.

நான்காம் மாத முடிவில், பயிற்சி நாட்குறிப்பில் கையெழுத்து வைத்துத் தரும்படி கேட்டேன். "அடுத்த கிழமை பாப்பம் தம்பி" என்றார் மேற்பார்வையாளர். அடுத்த கிழமை, கோட் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்பைத் திறந்தால் எங்கள் மென்பொருளின் ரெபோ, அதாவது கோட் முழுவதும் இருந்த இடம், இல்லை. அது அவர்களுடைய கணக்கில் இருந்தது, என்னை நீக்கிவிட்டார்கள். நான்கு மாதக் கொமிட், அதாவது நான் எழுதிச் சேர்த்த மாற்றங்களின் பதிவு, ஒன்றையும் காட்ட முடியாது. வாட்ஸ்அப்பிலும் தடுத்துவிட்டார்கள். வைப்புக் காசைப் பற்றிக் கேட்க ஆளே இல்லை.

பிறகு ஒருநாள் அப்பா கிணற்று மோட்டருக்கு வால்வு வாங்கிவரச் சொல்லி பரந்தனுக்கு அனுப்பினார். கடையில் தந்த பில்லைப் பார்த்தேன். அடியில் 'மொத்தத் தெகை' என்று இருந்தது. அந்தத் துணைக்காலை விட்டவன் நான்தான். கடைசிப் பதிப்பு அனுப்பிய பிறகுதான் கண்டு, திருத்த வேண்டும் என்று செய்தியும் போட்டிருந்தேன். திருத்தக்கூட இல்லாமல் விற்றிருக்கிறார்கள்!

"ஐயா, இந்தப் பில் சிஸ்டம் எவ்வளவுக்கு எடுத்தனீங்கள்?"

"பிரிண்டரோட எண்பதாயிரம். ஏன் தம்பி, உங்களுக்கும் வேணுமோ?"

காசு கேட்டவுடனேயே நான் எழும்பியிருக்க வேண்டும். பயிற்சி தருகிறவன் உங்களிடம் காசு வாங்குவதில் என்ன நியாயம்? அதுவும் தனிநபர் கணக்குக்கு. கொம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம், தனியார் கொம்பனி என்றால் பி.வி. என்று தொடங்கும் பதிவிலக்கம் இருக்கும். தனி ஆளின் வியாபாரம் அதில் வராது. அப்படியென்றால் வியாபாரப் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். நான் பிறகு தேடினேன், அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. இரண்டு நிமிட வேலை. நியமனக் கடிதம் கையில் வராமல் ஒரு வரி கோட் எழுதாதீர்கள். நாட்குறிப்பில் ஒவ்வொரு கிழமையும் கையெழுத்து வாங்குங்கள், முடிவில் பார்ப்போம் என்று விடாதீர்கள். முன்பு அங்கே பயிற்சி செய்த ஒருவருடைய நம்பரைக் கேளுங்கள். நான் கேட்டபோது 'அது தனியுரிமை' என்றார்கள், நானும் தலையாட்டினேன்.

துறைத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேறு இடத்தில் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க விட்டிருக்கிறார்கள். பொலிஸ் முறைப்பாட்டுக்கு வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள், பரந்தன் பில் மூன்றும் எடுத்து வைத்திருக்கிறேன். தெர்மல் தாள் என்பதால் பில் இப்போதே மங்கத் தொடங்கிவிட்டது, 'தெகை' மட்டும் இன்னும் வாசிக்கலாம். நேற்றுத்தான் போட்டோ எடுத்தேன்.