போட்டிக்கு முந்தின நாள், கோடஞ்சேரியில் ஒரு ஹோம்ஸ்டே

கேரளாவின் கோழிக்கோடு மாவட்டத்தில் நடக்கும் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் என்ற காட்டாற்றுப் படகுப் போட்டியில் கயாக் (ஒல்லியான துடுப்புப் படகு) ஓட்டக் கோவையிலிருந்து போயிருந்தேன். தங்கியது புலிக்கயம் பக்கத்தில் ஒரு வீடு. திண்ணையில் உட்கார்ந்தாலே சாலிப்புழை ஆற்றின் இரைச்சல் கேட்கும். மேலே மலையில் மழை பிடித்தால் சத்தமும் ஏறும். தண்ணீர் ஏறியதா என்று பார்க்க ஆற்றுக்கு ஓட வேண்டியதில்லை.

காலையில் அரை மணி நேரம்தான் ஆற்றில் இறங்கினேன். தோள் சூடானதும் கரையேறிவிட்டேன். முந்தின நாளே வீரம் காட்டினால் மறுநாள் கை துவண்டுவிடும். அப்புறம் படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் ரப்பரில் கிழிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், கயாக்குக்குள் பாதம் ஊன்றும் கால்மிதியை ஒரு துளை முன்னால் தள்ளினேன், தூங்கினேன். மதியம் வீட்டுக்காரச் சேச்சி (அக்கா) கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மத்திக் குழம்பும் வைத்தார். காரம் குறைவாகக் கேட்டேன். சிரித்தார், அவ்வளவுதான், காரம் குறையவில்லை. இருந்தும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

குறை ஒன்று உண்டு. ஜூலை மழையில் ஈரத்துணி காயவைக்க இடமே இல்லை. மறுநாள் காலையில் சொதசொதவென்ற லைஃப் ஜாக்கெட்டைத்தான் மாட்டினேன். எப்படியும் நனையப்போவதுதான், ஆனாலும் அந்த முதல் ஜில்லிப்பு இருக்கிறதே!

கயாக்கை வைக்க மாட்டுக்கொட்டகையையே பூட்டு, சாவியோடு கொடுத்தார்கள். ஐந்துக்கு நாலு.