முதிர்ந்த மெர்சோவா, ஷத்தோ ஷலோனா?

வயது கூடக் கூட ருசி கூடும் பிரெஞ்சு வெள்ளை ஒயின்களில் இந்த இரண்டுக்கும் கொட்டைப் பருப்பு வாசனைதான் அடையாளம். அது வரும் வழிதான் வேறு.

மெர்சோ, புர்கோன் வட்டாரத்து ஷார்தொனே திராட்சை ஒயின். இளசாக இருக்கையில் எலுமிச்சையும் ஓக் மரப் பீப்பாயின் மணமும் முன்னே நிற்கும். பெரியேர் போன்ற நல்ல தோட்டத்து ஒயின் பத்து ஆண்டு தாண்டினால் பொன்னிறமாகி, வறுத்த ஹேசல்நட், வெண்ணெய், தேன் என மணம் விரியும். ஆனால் 1990களின் நடுவிலிருந்து, புர்கோன் வெள்ளை ஒயின்கள் பல சீக்கிரமே காற்றேறிக் கெட்டிருக்கின்றன. வாங்கிப் பல ஆண்டு காத்திருப்பவருக்கு அது பெரிய ஏமாற்றம்.

ஷூரா வட்டாரத்து ஷத்தோ ஷலோன் காற்றை அஞ்சுவதே இல்லை. சவாஞ்ஞான் திராட்சை ஒயினைப் பீப்பாயில் ஊற்றி, ஆவியாகிக் குறைவதை நிரப்பாமல் விடுகிறார்கள். பாலாடை போல ஈஸ்ட் படலம் மேலே மூடும். ஆறு ஆண்டுக்கு மேல் கழித்தே 62 சென்டிலிட்டர் புட்டியில் வெளிவரும். அக்ரூட்டோடு வெந்தய வாசனையும் அடிக்கும். வெந்தயத்திலும் இந்த ஒயினிலும் சோட்டொலோன் என்ற ஒரே சேர்மம்தான் அந்த மணத்தைத் தருகிறது. திறந்த புட்டி வாரக்கணக்கில் தாங்கும்.

முதல் தடவை குடிப்பவருக்கு மெர்சோ எளிதில் பிடிக்கும். என் ஓட்டு ஷத்தோ ஷலோனுக்கே. அதிகம் குளிர்விக்காமல், கோம்தே சீஸோடு.