முடிவு தெரிந்த மேட்சைத் திரும்பப் பார்ப்பவர்களுக்கு இரண்டு புத்தகங்கள்

மழையால் ஆட்டம் நின்றால் டிவியில் பழைய மேட்ச் ஓடும். யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்தும் எழுந்து போகாமல் பார்க்கிற கூட்டம் ஒன்று உண்டு. நானும் அதில் ஒருவன். எங்களைப் போன்றவர்களுக்கென்றே எழுதிய மாதிரி இரண்டு புத்தகங்களை அண்மையில் அடுத்தடுத்துப் படித்தேன்: இங்கிலாந்துக்காரர் நிக் ஹார்ன்பியின் கால்பந்துப் புத்தகம் 'ஃபீவர் பிட்ச்', இலங்கைக்காரர் ஷெஹான் கருணாதிலகவின் கிரிக்கெட் புத்தகம் 'சைனாமேன்'. இரண்டிலும் கதை சொல்பவன் ஆடுகிறவன் இல்லை, வேடிக்கை பார்க்கிறவன்.

'ஃபீவர் பிட்ச்' 1992இல் வந்த நினைவுக் குறிப்பு. 1968 செப்டம்பரில், பெற்றோர் பிரிந்துவிட்ட நிலையில், 11 வயது மகனை அப்பா லண்டனில் ஆர்சனல் கிளப்பின் ஹைபரி மைதானத்துக்குக் கூட்டிப்போகிறார். ஸ்டோக் அணியை 1-0 என்று ஆர்சனல் ஜெயிக்கிறது. பையனுக்குப் பிடித்த பைத்தியம் கடைசிவரை தெளியவில்லை. ஏறக்குறைய எல்லா அத்தியாயத் தலைப்பிலும் ஒரு மேட்சும் தேதியும் உண்டு. காதல், வேலை, மனச்சோர்வு எல்லாம் அந்தத் தேதிகளில்தான் தொங்குகின்றன. 'பெரிய வெள்ளம் வந்த வருஷம்தான் நீ பிறந்தாய்' என்று நம் பாட்டிகள் கணக்கு வைப்பார்களே, அப்படி. 1989 மே மாதம் இங்கிலாந்து லீக் பட்டம் கிடைக்க, லிவர்பூலின் சொந்த மைதானத்தில் ஆர்சனல் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தே ஆகவேண்டும். ஆட்டம் முடிகிற நேரத்தில் ஆர்சனலின் மைக்கேல் தாமஸ் அந்த இரண்டாவது கோலைப் போடுகிறார். பட்டத்துக்கான 18 வருடக் காத்திருப்பு முடிகிறது. ஆர்சனலைப் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் அந்தப் பக்கங்களில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நடுவில் எழுபதுகளின் வீரர்களாக வந்துகொண்டே இருப்பார்கள். அங்கே நான் கொஞ்சம் தாண்டித்தான் போனேன்.

'சைனாமேன்' (2010) நாவல். அதிலும் பெரும் புளுகு நாவல். டபிள்யூ. ஜி. கருணசேன ஓய்வுபெற்ற விளையாட்டு நிருபர். சாராயம் ஈரலைத் தின்றுகொண்டிருக்கிறது. டாக்டர் கெடு வைத்துவிட்டார். சாவதற்குள் பிரதீப் மேத்யூ என்ற மறக்கப்பட்ட சுழற்பந்து வீச்சாளரைக் கண்டுபிடித்து எழுதிவிட வேண்டும் என்று கிளம்புகிறார். நிஜ ஆட்டங்களுக்கு நடுவே பொய் ஸ்கோரையும், நிஜ ஆட்களுக்கு நடுவே கற்பனை ஆட்களையும் ஆசிரியர் சொருகிவிடுகிறார். படங்கள் போட்டுப் பந்து எப்படித் திரும்பும் என்று விளக்கும்போது நாமும் நம்பிவிடுகிறோம். மேத்யூவின் அப்பா தமிழர், அம்மா சிங்களவர். இலங்கையில், அந்த உள்நாட்டுப் போர்க்காலத்தில், ஒரு திறமைசாலி ஏன் காணாமல் போகிறான் என்ற கேள்விக்கு அந்த ஒரு தகவல் போதும். நகைச்சுவைக்கு அடியில் இது ஓடிக்கொண்டே இருக்கிறது. இலங்கை ஜெயித்த 1996 உலகக் கோப்பையின் கொண்டாட்டத்தையும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டியிருக்கிறது. (தலைப்பு, குல்தீப் யாதவ் போடுகிறாரே, அந்த இடக்கை மணிக்கட்டுச் சுழலைக் குறிக்கிற பழைய சொல். 2018இல் கிரிக்கெட் ஆண்டு நூலான விஸ்டன் அதைக் கைவிட்டது.) கிளைக்கதைகள் அதிகம்தான். ஆனால் கிழவர் தண்ணி போட்டுவிட்டுப் பேசுகிறார், நேர்கோட்டில் போகுமா?

சரி, எதை முதலில் எடுப்பது? சீக்கிரம் முடிக்க வேண்டும், 'என் பைத்தியமும் இதேதான்' என்று தலையாட்ட வேண்டும் என்றால் ஹார்ன்பி. என் ஓட்டு கருணாதிலகவுக்கு. ஹார்ன்பி தன் கடந்த காலத்தை நினைவுபடுத்துகிறார். இவரோ நடக்காத ஒன்றுக்காக ஏங்க வைக்கிறார். ஆடியவர் எழுதியதுதான் வேண்டும் என்பவர்கள் டென்னிஸ் வீரர் ஆந்த்ரே ஆகஸியின் 'ஓபன்' படிக்கலாம். 1990 பிரெஞ்சு ஓபன் இறுதி ஆட்டத்தில் விக் கழன்று விழுந்துவிடுமோ என்ற பயத்திலேயே ஆடியதாக மனிதர் ஒளிக்காமல் சொல்கிறார்.

'சைனாமேன்' முடித்த இரவு, எண்பதுகளின் இலங்கை ஸ்கோர்கார்டுகளை எடுத்து மேத்யூ பெயரைத் தேடினேன். இருக்காது என்று தெரிந்துதான் தேடினேன்.