18கே என்றதும் தலையாட்டினேன்: பாண்டியில் பேடல் ராக்கெட் வாங்கி ஏமாந்த கதை

பேடல் ஆடத் தொடங்கி, சொந்தமாக ஒரு ராக்கெட் வாங்கலாம் என்று கடை ஏறப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 11,500 ரூபாயும் வலது முழங்கையும் போயிற்று. பணத்தில் ஒரு ரூபாய்கூட இன்னும் திரும்பவில்லை. முழங்கை பரவாயில்லை, இப்போது தேங்காய் துருவ முடிகிறது.

நான் கடலூர்க்காரி. பள்ளி ஆசிரியை, வயது 42. தம்பி சென்னையில் இருக்கிறான். பொங்கல் லீவுக்குப் போயிருந்தபோது, "சும்மா வந்து பாருக்கா" என்று ஒரு பேடல் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சுற்றிலும் கண்ணாடியும் கம்பிவலையும். மீன் தொட்டிக்குள் நான்கு பேர் டென்னிஸ் ஆடுவது போல இருந்தது. பந்து தரையில் ஒரு தடவை குத்தி, கண்ணாடியில் பட்டுத் திரும்பினாலும் அடிக்கலாம். சர்வீஸை இடுப்புக்கு மேலே தூக்கிப் போடக் கூடாது. அதனால் என்னைப் போன்றவர்களும் முதல் நாளே நாலு பந்து தொடர்ந்து ஆடிவிட முடிகிறது. ராக்கெட்டில் நரம்பு கிடையாது. கெட்டியான பலகை, அதில் ஓட்டை ஓட்டையாகப் போட்டிருக்கும். அம்மா பார்த்துவிட்டு, "என்னடி இது, ஜல்லிக்கரண்டியாட்டம்" என்றார். அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

கோர்ட்டில் வாடகைக்குக் கொடுத்த ராக்கெட் கைக்கு இதமாக இருந்தது. வட்டத் தலை, பழசு, விளிம்பெல்லாம் கீறல். நடுவில் படாத பந்துகூட எப்படியோ வலையைத் தாண்டிப் போய்விடும். அதை ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கலாம். மாடல் பெயரைக்கூடப் பார்க்கவில்லை.

கோடை விடுமுறை முழுக்கத் தம்பி வீட்டில் தங்கி ஆடுவது என்று முடிவானது. அதற்கு முன்பே ராக்கெட் வாங்கிவிடலாம் என்று ஏப்ரல் 26-ஆம் தேதி பாண்டிக்குப் பஸ் ஏறினேன். எதற்குப் பாண்டி? "அங்கே விலை கம்மி." இந்தப் பேச்சைக் கடலூரில் யாரும் யாரிடமும் கேள்வி கேட்பதே இல்லை. ஃபிரிட்ஜ் வாங்கவும் மிக்ஸி வாங்கவும் பாலத்தைத் தாண்டிப் போன தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள். 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு இரண்டு ஊரிலும் ஒரே வரிதான். பெட்ரோல், டீசல், மது போன்ற சிலதான் அந்தக் கணக்கில் வராதவை. எனக்கும் அது தெரியும். தெரிந்தும் போனேன்.

கடைப் பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, அதனால் கேட்காதீர்கள். கிரிக்கெட் பேட், கேரம் போர்டு, ஷட்டில் எல்லாம் விற்கிற கடை. பேடல் ராக்கெட் மொத்தமே மூன்றுதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கடைப் பையனிடம் தெளிவாகவே சொன்னேன். "தம்பி, நான் புதுசு. கை நோகக் கூடாது. கொஞ்சம் தப்பா அடிச்சாலும் பந்து போகணும். அந்த மாதிரி ஒண்ணு குடுங்க."

"புதுசா ஆடுறவங்களுக்குன்னு வர்றத வாங்குனா நாலு மாசத்துல தூக்கிப் போட்டுருவீங்கக்கா. இது புரோ மாடல். ஒரே தடவ வாங்கிட்டா முடிஞ்சுது. 18கே கார்பன்."

18கே. அவன் சொன்ன தோரணையில் நகைக்கடையில் உட்கார்ந்திருப்பது போலவே எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. நம் வீடுகளில் 22-க்குக் கீழே தங்கம் வாங்க மாட்டோம் என்பதால், 24கே இருக்கிறதா என்று கேட்கக்கூட வாய் எடுத்தேன். நல்ல வேளை, கேட்கவில்லை. பிற்பாடுதான் தெரிந்தது: கார்பன் துணியை நெய்கிற ஒரு கற்றையில் எத்தனை ஆயிரம் இழை என்பதுதான் அந்த 'கே'. 3கே என்றால் மூவாயிரம், 18கே என்றால் பதினெட்டாயிரம். எண் கூடினால் தரம் கூடியது என்று அர்த்தமில்லை. புதிதாக ஆடுகிறவரின் கைக்கு ஒத்துவருமா என்பதற்கும் அந்த எண் பதில் சொல்லாது.

எடை கேட்டேன். "350 தான்க்கா, பூ மாதிரி இருக்கும்." அப்போதே விளிம்பு முழுக்கக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. "ஃபிரேம் அடிபடாம இருக்க நாங்களே ஒட்டித் தர்றோம், ஃப்ரீ." பிடிக்கு மேலே புது ஓவர்கிரிப், அதாவது கிரிப்புக்கு மேல் சுற்றுகிற பட்டை, சுற்றியிருந்தது. அதுவும் ஃப்ரீ. அட்டைப்பெட்டி, விலைச் சீட்டு எதுவும் இல்லை. வெறும் பிளாஸ்டிக் உறை. பில் கேட்டதற்கு, "பில்லுன்னா ஜிஎஸ்டி தனியா வரும்" என்று சொல்லிவிட்டு ஒரு எஸ்டிமேட் தாளைக் கிழித்துக் கொடுத்தான். கடைப் பெயர்கூட இல்லாத தாள். அடியில் மட்டும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அழகாக அச்சடித்திருந்தது. பணத்தை ஜிபேயில் போட்டேன். திரையில் வந்தது ஒரு தனி ஆளின் பெயர். அதையும் பார்த்தேன், பேசாமல் நம்பரை அழுத்தினேன்.

மே மாதம் தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஆட்டம். முதல் வாரத்திலேயே ஆட்டம் மோசமாகிவிட்டது. பொங்கலுக்கு வலையைத் தாண்டிய பந்தெல்லாம் இப்போது செத்து விழுந்தது, இல்லாவிட்டால் நேரே கண்ணாடிக்குப் போனது. ஒவ்வொரு அடிக்கும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு 'ஜிவ்'. தம்பி, "பழகிடும்க்கா" என்றான். மூன்றாவது வாரம் ஈரத்துண்டைப் பிழிய முடியவில்லை. முழங்கையின் வெளிப்பக்கம் ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி வலி.

கோர்ட்டில் சொல்லிக்கொடுக்கிற கோச்சிடம் போய் நின்றேன். அவர் கையைப் பார்ப்பதற்கு முன்னால் ராக்கெட்டை வாங்கினார். ஒரே விரலின் மேல் குறுக்காகப் படுக்க வைத்து, அது எங்கே சாயாமல் நிற்கிறது என்று பார்த்தார். கைப்பிடியின் அடியிலிருந்து 27 சென்டிமீட்டர் தள்ளி நின்றது. வாடகை ராக்கெட்டை அதே மாதிரி வைத்தார். 25-இலேயே நின்றது. "ரெண்டு சென்டிமீட்டர்தானே சார்?" என்றேன். "கையை நீட்டிப் பிடிங்க மேடம்" என்றார். இரண்டையும் மாற்றி மாற்றி நீட்டிப் பிடித்தேன். முனையில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி என்னுடையது கீழே இழுத்தது.

அப்புறம் தலையின் வடிவத்தைக் காட்டினார். என்னுடையது டைமண்ட் வடிவம், மேல்பக்கம் அகன்றது. எடை மேலே ஏறியிருப்பதால் ஸ்மாஷ் அடிக்கிறவர்களுக்கு வேகம் கிடைக்கும். ஆனால் பந்து சரியாகப் பட வேண்டிய இடம் சின்னது, அதுவும் உச்சிப் பக்கமாக இருக்கும். அங்கே படாவிட்டால் ராக்கெட் கைக்குள் முறுக்கிக்கொள்ளும், அந்த அதிர்ச்சியை முழங்கைதான் வாங்க வேண்டும். வட்டத் தலையில் அந்த இடம் பெரிது, நடுவிலேயே இருக்கும். கண்ணீர்த்துளி வடிவம் இரண்டுக்கும் இடைப்பட்டது. உள்ளே இருக்கிற நுரை, செருப்பு அடித்தட்டில் வருகிற அதே ஈவிஏதான். மென்மையானதும் உண்டு, கெட்டியானதும் உண்டு. கெட்டி நுரையும் கார்பன் முகமும் சேர்ந்தால், வேகமாக வீசத் தெரிந்த கைக்கு மட்டும் பந்து பேசும். என் கை வேகத்துக்கு ஃபைபர்கிளாஸ் முகமும் மென் நுரையும்தான் சரி என்றார். ராக்கெட்டின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 'ஹார்ட்' என்று போட்டிருந்ததைக் காட்டினார். ஒரு மாதமாக அதை என் கையில் வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறேன்.

இதெல்லாம் தப்பான பொருளைத் தலையில் கட்டிய கதை. இதோடு போயிருந்தால் என் அறியாமை என்று விட்டிருப்பேன். கோச் பந்தை எடுத்து ராக்கெட்டின் முகத்தில் அங்கங்கே தட்டினார். நடுவில் 'டக் டக்' என்றது. ராக்கெட் தலையின் வலது தோள்பக்கம் வந்ததும் 'டொப்' என்றது. முற்றாத தேங்காயைத் தட்டின மாதிரி. "டேப்பைப் பிரிக்கலாமா?" என்று கேட்டார். பிரித்தார். பசை இழுபட்டு வந்தது, கூடவே மேல் பெயின்ட்டும் உரிந்து வந்தது. அடியில் நாலு விரல் நீளத்துக்கு விரிசல். அதன் மேல் வெள்ளையாக ஏதோ மாவு பூசித் தேய்த்து, கறுப்பு மார்க்கரால் தீட்டியிருந்தார்கள். ஓவர்கிரிப்பைக் கழற்றினால் உள்ளே இருந்த கிரிப்பில் யாரோ ஒருவரின் வியர்வைக் கறை, கட்டைவிரல் பட்ட இடம் வழவழவென்று தேய்ந்து கிடந்தது. எனக்கு அந்தக் கறையைப் பார்த்ததும்தான் கோபம் வந்தது. விரிசலுக்குக்கூட அவ்வளவு வரவில்லை.

வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தேன். டேப், ஓவர்கிரிப் எதுவும் இல்லாமலே 371 கிராம்.

மே 22 அன்று, வாங்கிய 26-ஆம் நாள், கடைக்குப் போனேன். பையன் இல்லை, முதலாளி இருந்தார். "ஒரு மாசம் நல்லா ஆடிட்டு ஒடைச்சிட்டு வந்து நிக்கிறீங்களேம்மா" என்றார். விரிசலுக்கு மேல் மாவு பூசியது யார் என்று கேட்டேன். அந்தத் தாளின் அடிவரியைக் காட்டினார். இது எங்கள் கடையில் வாங்கியது என்பதற்கே அத்தாட்சி ஏது என்று அடுத்த வார்த்தை. பில் வாங்காததற்கு விலை அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. ஜிபே பதிவு ஒன்றுதான் கையில் மிச்சம்.

டாக்டர் 'டென்னிஸ் எல்போ' என்றார். மணிக்கட்டைத் தூக்குகிற தசைகளின் நாண், முழங்கையில் சேருமிடத்தில் நைந்துபோவது. ஆறு வாரம் ராக்கெட் தொடக் கூடாது. ஜூனில் பள்ளி திறந்து, கரும்பலகையில் தேதி எழுதுவதற்கே பல்லைக் கடித்தேன். நியாயமாகச் சொன்னால், 42 வயதில் திடீரென்று தினமும் ஆடியதும் ஒரு காரணம். அதை டாக்டரும் சொன்னார். முழுப் பழியையும் கடைக்காரர் தலையில் போட மாட்டேன். முக்கால் பங்கு போடுவேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன். தமிழிலேயே பேசலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பழைய பொருளைப் புதிது என்று விற்பதும், பில் தராமல் இருப்பதும் முறையற்ற வணிகம். பழுதான பொருளை, பில்லில் வேறு கெடு குறிப்பிடாதபோது 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. அந்த 'விற்ற பொருள்' வரியைக் காட்டி யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள். எனக்கு ரொம்ப உதவியது இன்னொன்று. கடை பாண்டியில் இருந்தாலும் நான் குடியிருக்கிற கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

ஆகஸ்டில் தம்பியோடு போய், சென்னையில் வேறு ராக்கெட் வாங்கினேன். 6,800 ரூபாய், பில்லோடு. வட்டத் தலை, ஃபைபர்கிளாஸ், மென் நுரை. கடையிலேயே தராசு கேட்டேன், 352. விரலில் வைத்துப் பார்த்தேன், பந்தால் தட்டிப் பார்த்தேன், உள்ளே கிரிப்பை ஒரு சுற்றுக் கழற்றியும் பார்த்தேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும். டேப் ஒட்டித் தரவா என்றார். வேண்டாம், வீட்டில் நானே ஒட்டிக்கொள்கிறேன் என்றேன்.

போன வாரம் பாண்டிக் கடையிலிருந்து போன். 1915-இலிருந்து கடிதம் போயிருக்கும் போல. குரலில் தேன். "மேடம், பணமா குடுக்குற பழக்கம் இல்ல. நாலாயிரத்துக்கு ஷட்டில் காக் எடுத்துக்கங்களேன்." நான் ஷட்டில் ஆடுவதில்லை என்றேன். "பசங்களுக்கு ஆகும்ல?" என்றார். உரித்த டேப், எஸ்டிமேட் தாள், ஜிபே ஸ்கிரீன்ஷாட், விரிசலின் போட்டோ எல்லாம் ஒரு கவரில் இருக்கிறது. திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டிருக்கிறேன், மனு கொடுக்கப் போகிறேன்.