350 ரூபாய் லென்சும் ஒரு கறுப்பு ரயில்பூச்சியும்

குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. ஆனியில் மழை விட்ட ஒரு காலை, பால் எடுக்கப் போனால் சிரட்டைக்குள் கறுப்பாக ஒன்று கிடந்தது. தட்டை உடம்பு, இரண்டு ஓரத்திலும் வரிசையாக மஞ்சள் பொட்டு. முற்றத்தில் ஊரும் உருண்டை ரயில்பூச்சி இல்லை. பூரானோ என்று கையை இழுத்துக்கொண்டேன். போனில் படம் எடுத்தால் கலங்கிய கறுப்புக் கோடுதான் வந்தது.

அந்த எரிச்சலில் நாகர்கோவிலில் ஒரு கடையில் வாங்கியது இந்த கிளிப் லென்ஸ். பிடிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் போன் உறையைக் கழற்றாமல் மாட்ட முடியாது. பூச்சிக்கு மூன்று சென்டிமீட்டர் கிட்டே போனால்தான் தெளியும். அதற்குள் போனின் நிழலே அதன்மேல் விழுந்துவிடும்.

பத்து நாள் கழித்துச் சருகுக்கடியில் இன்னொன்று கிடைத்தது. தங்கச்சி மகள் பக்கத்திலிருந்து டார்ச் அடித்தாள். "மாமா, மூச்சு விடாதீங்க, ஆடுது." தொட்டதும் சுருண்டுவிட்டது. சுருண்டால் தலையும் தெரியாது, காலும் தெரியாது. ஈர இலையில் விட்டுக் காத்திருந்தோம்.

நடக்க ஆரம்பித்தபோது எடுத்த பக்கவாட்டுப் படம்தான் காசுக்கு மதிப்பு. பூரானுக்கு வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால்தான். இதற்கு இரண்டிரண்டு, கழுத்தருகே சில வளையங்களில் மட்டும் ஒன்று. வால் நுனியோடு எண்ணினால் 20 வளையம். தலையில் கண்ணே இல்லை! தட்டை முதுகு, கண் இல்லாத தலை, 20 வளையம், மூன்றும் சேர்ந்தால் ரயில்பூச்சிகளில் பாலிடெஸ்மிடா என்ற பிரிவு. படம் போட்டால் என்ன உயிர் என்று சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்டபோதும் அதையே சொன்னார்கள். இனம் வரை போக ஆண் பூச்சியின் ஏழாவது வளையத்தில் உருமாறிய காலைப் பார்க்க வேண்டுமாம். அதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும், இந்த லென்ஸ் போதாது.

கையில் எடுத்தவள், "பாதாம் எசன்ஸ் மணக்குது" என்றாள். மணம் கொள்ளாம்தான், ஆனால் அதோடு கொஞ்சம் ஹைட்ரஜன் சயனைடும் வரும். கண்ணைத் தொடாதே என்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவவைத்தேன்.

மெதுவாக ஊர்கிறவற்றுக்கு இந்த லென்ஸை வாங்கலாம். எறும்பை எடுக்க நினைத்தால் வேண்டாம், ஒரு படமும் தேறவில்லை. கண்ணாடி மட்டும் உறுதி. ஒருநாள் ரப்பர் பால் சொட்டி அதன்மேல் உறைந்துவிட்டது. நகத்தால் நெம்பினேன், தோல் மாதிரி முழுசாக உரிந்து வந்தது, ஒரு கீறல் இல்லை.