சின்ன கேமிங் பிசி: மினி ஐடிஎக்ஸ் போர்டா, மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டா?

சின்னதாக ஒரு கேமிங் பிசி கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் மதர்போர்டில்தான் (எல்லா பாகங்களும் சொருகப்படும் பலகை) தேடலை ஆரம்பிக்கிறார்கள். அதன் அளவுகளில் இரண்டு: மினி ஐடிஎக்ஸ் 170 மி.மீ. சதுரம், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 மி.மீ. சதுரம். பரப்பளவில் முதலாவது இரண்டாவதில் பாதிகூட இல்லை. அப்படியென்றால் பிசியும் பாதியாகச் சுருங்கிவிடும் என்று தோன்றும். சுருங்காது. கேமிங் பிசியில் இடத்தை அடைத்துக்கொள்பவை கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), ப்ராசசர் சூட்டைத் தணிக்கும் கூலர் ஆகிய மூன்றும்தான். போர்டு ஒரு தட்டையான பலகை. அதனால் கேபினெட் எத்தனை லிட்டர் கொள்ளளவு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். போர்டின் அளவு அதிலிருந்து தானாக வந்து விழும்.

கொஞ்சம் பழைய கதை. இன்டெல் 1995இல் ஏடிஎக்ஸ் அளவைக் கொண்டுவந்தது (305 × 244 மி.மீ.). இரண்டு வருடம் கழித்து அதன் உயரத்தைக் குறைத்து மைக்ரோ ஏடிஎக்ஸ் வந்தது. மினி ஐடிஎக்ஸ் வேறு வீட்டுப் பிள்ளை. 2001இல் வியா நிறுவனம், மின்சாரம் குறைவாக இழுக்கும் தன்னுடைய ப்ராசசர்களுக்காக வடிவமைத்தது அது. அதில் 120 வாட் கேமிங் ப்ராசசரும் 300 வாட் கார்டும் உட்காரும் என்று அன்றைக்கு யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். இன்றைக்கும் ஐடிஎக்ஸ் போர்டுகள் விலை கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வளவு சின்ன இடத்தில் மின்சாரப் பகுதியையும் டிடிஆர்5 ரேமுக்கான தடங்களையும் நெருக்கி அமைக்க, அடுக்கு அதிகமுள்ள பலகை வேண்டியிருக்கிறது.

ஒரு ஸ்லாட் வித்தியாசம்

மினி ஐடிஎக்ஸில் ஒரே ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் (கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றைச் சொருகும் இடம்). மைக்ரோ ஏடிஎக்ஸில் நான்கு வரை வைக்கலாம். காகிதத்தில் பெரிய வித்தியாசம். ஆனால் இப்போதைய கார்டுகளின் தடிமனைப் பாருங்கள். என்விடியா 2024இல் சின்ன பிசிகளுக்கென்று வெளியிட்ட வரையறையே 304 மி.மீ. நீளம், 50 மி.மீ. தடிமன் வரை அனுமதிக்கிறது. அது இரண்டரை ஸ்லாட். கார்டை முதல் ஸ்லாட்டில் சொருகினால் அடுத்த இரண்டும் அதன் அடியில் மறைந்துவிடும். நாலில் மிஞ்சுவது ஒன்று.

ஐடிஎக்ஸ் கேபினெட்டுகளும் இந்தத் தடிமனுக்கு இடம் விட்டே ஆகவேண்டும். கூலர் மாஸ்டர் என்ஆர்200 ஐடிஎக்ஸ் போர்டுக்கான கேபினெட்தான், ஆனால் பின்பக்கம் மூன்று ஸ்லாட்டுக்கு இடம் இருக்கும். ஆக, கார்டு நேராகப் போர்டில் சொருகப்படும் கேபினெட்டுகளில் ஐடிஎக்ஸுக்கும் மைக்ரோ ஏடிஎக்ஸுக்கும் உள்ள நிஜ வித்தியாசம் ஒரு ஸ்லாட், அதாவது 20 மி.மீ. சொச்சம். என்ஆர்200 18 லிட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸுக்கான லியான் லி டான் ஏ3 26 லிட்டர் என்றால், அந்த எட்டு லிட்டரும் போர்டு தின்றது என்று நினைத்துவிடக் கூடாது. அதில் பெரும்பகுதி, ஏ3க்குள் பெரிய ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸும் 165 மி.மீ. உயரக் கூலரும் போக வேண்டும் என்பதற்காக விட்ட இடம்.

அந்த மிஞ்சிய ஒரு ஸ்லாட்டால் என்ன பயன்? ஒரு காலத்தில் இரண்டு கிராபிக்ஸ் கார்டு போடலாம் என்பதே மைக்ரோ ஏடிஎக்ஸின் கவர்ச்சியாக இருந்தது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக்குப் பிறகு வந்த கேமிங் கார்டுகளில், இரண்டு கார்டுகளை இணைக்கும் என்விலிங்க்கே கிடையாது. சவுண்டு கார்டு, கேப்சர் கார்டு எல்லாம் யுஎஸ்பிக்குப் போய்விட்டன. 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு தேவைப்படும் சிலரைத் தவிர, ஸ்லாட்டுக்காக மைக்ரோ ஏடிஎக்ஸ் வாங்குவதில் அர்த்தம் இல்லை.

சாண்ட்விச் கேபினெட்: ஐடிஎக்ஸ் ஜெயிக்கும் இடம்

கதை முழுவதுமாக மாறுவது 12 லிட்டருக்குக் கீழே. டான் ஏ4 எஸ்எஃப்எக்ஸ் (7.2 லிட்டர்), ஃபிராக்டல் டெர்ரா (10.4 லிட்டர்), லியான் லி ஏ4 எச்2ஓ (11 லிட்டர்) போன்றவற்றில் கார்டு போர்டில் நேராக உட்காராது. ரைசர் என்ற நீட்டிப்புக் கேபிள் வழியாகப் போர்டின் முதுகுக்குப் பின்னால் போய்விடும். நடுவில் ஒரு தகடு, ஒரு பக்கம் போர்டு, மறுபக்கம் கார்டு.

இங்கே ஒரு சின்னக் கூட்டல் போட்டுப் பாருங்கள். ஐடிஎக்ஸ் போர்டு 170 மி.மீ., எஸ்எஃப்எக்ஸ் எனப்படும் சின்ன எஸ்எம்பிஎஸின் அகலம் 125 மி.மீ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 295 மி.மீ. ஒரு முழுநீளக் கார்டின் நீளமும் கிட்டத்தட்ட அதேதான். ஒரு பக்கம் போர்டும் எஸ்எம்பிஎஸும், மறுபக்கம் கார்டு. இடம் வீணாவதே இல்லை. அதே இடத்தில் மைக்ரோ ஏடிஎக்ஸை வைத்தால் 244உம் 125உம் சேர்ந்து 369 ஆகிவிடும், உயரமும் கூடிவிடும். பத்து லிட்டர் பிசி வேண்டும் என்றால் ஐடிஎக்ஸைத் தவிர வேறு வழி இல்லை.

இதற்குக் கொடுக்கும் விலை கூலரில் தெரியும். டெர்ராவில் நடுத் தகட்டை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தலாம். கார்டுக்கு 43 முதல் 72 மி.மீ. வரை, கூலருக்கு 77 முதல் 48 மி.மீ. வரை. ஒன்றுக்குக் கூட்டினால் இன்னொன்றுக்குக் குறையும். தடிமனான கார்டு ஆசைப்பட்டால் 47 மி.மீ. உயரமுள்ள குட்டைக் கூலரோடு சமாளிக்க வேண்டும்.

ரைசரிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டுகள் பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0. இப்போது கிடைக்கும் பல கேபினெட்டுகளோடு வரும் ரைசர் 4.0. திரை கறுப்பாகவே நின்றாலோ விளையாட்டு நடுவில் அணைந்தாலோ, பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) அந்த ஸ்லாட்டை ஜென் 4, அதாவது 4.0 என்று கையால் மாற்றிவிடுங்கள். வேகத்தில் கண்ணுக்குத் தெரியும் இழப்பு வராது.

பணம்

ஒரே சிப்செட், ஒரே ப்ராசசர் என்று வைத்துக்கொண்டால் ஐடிஎக்ஸ் போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸைவிட பொதுவாக விலை அதிகம். ஏஎம்டியின் பி650 சிப்செட்டில் ஆரம்ப நிலை மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுகள் உண்டு. ஐடிஎக்ஸில் அந்தக் கீழ்ப்படியே கிட்டத்தட்ட இல்லை; நடுத்தரத்தில்தான் ஆரம்பம். வைஃபை பெரும்பாலும் சேர்ந்தே வரும் என்பது ஒரு ஆறுதல். மலிவு மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுகளில் வைஃபை இருக்கிறதா என்று பெயரின் கடைசி எழுத்து வரை படித்துப் பார்க்க வேண்டும்.

போர்டோடு செலவு நிற்காது. ஐடிஎக்ஸ் கேபினெட் என்றால் பெரும்பாலும் எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ். அதே 750 வாட், அதே கோல்டு (மின்சிக்கன) தரம் என்றாலும் ஏடிஎக்ஸைவிட நன்றாகவே கூடுதல். கேபினெட்டும் விலை கூடியது. 155 மி.மீ. டவர் கூலர் மலிவாகக் கிடைக்கும், செயலிலும் அசத்தும்; அதே வேலையைச் சின்ன இடத்தில் செய்ய 240 மி.மீ. லிக்விட் கூலர் வாங்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் கூட்டினால் வரும் வித்தியாசத்தில் கிராபிக்ஸ் கார்டை ஒரு படி மேலே ஏற்றிவிடலாம். கேமில் தெரியப்போவது கார்டு, போர்டு இல்லை. சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் குவிந்து கிடப்பது மைக்ரோ ஏடிஎக்ஸ்தான். ஐடிஎக்ஸ் கேட்டால் "ஆர்டர் போட்டுத் தர்றேன் சார்" என்பார்கள். வாரண்டியில் மாற்ற வேண்டி வந்தாலும் இதே காத்திருப்புதான்.

நாலு ரேம் ஸ்லாட் என்ற ஆசை

மைக்ரோ ஏடிஎக்ஸுக்கு ஆதரவாக எல்லோரும் முதலில் சொல்வது, நாலு ரேம் ஸ்லாட். டிடிஆர்4 காலத்தில் அது சரியான வாதம். டிடிஆர்5இல் அப்படி இல்லை. ரைசன் 7000 வரிசை ப்ராசசர்களுக்கு ஏஎம்டி அதிகாரப்பூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு ரேம் குச்சிக்கு 5200, நாலு குச்சி போட்டால் 3600. 'இப்போ இரண்டு, அப்புறம் இரண்டு' என்று திட்டம் போட்டவர்கள் மேம்படுத்தும் நாளில் வேகத்தை இழப்பார்கள். இரண்டு 16 ஜிபி போட்டால் கேமிங்குக்குப் போதும். வீடியோ எடிட்டிங்கும் சேர்ந்தால் இரண்டு 32 அல்லது இரண்டு 48. ஐடிஎக்ஸின் இரண்டு ஸ்லாட் இந்த விஷயத்தில் குறையே கிடையாது.

எஸ்எஸ்டியில்தான் குறை உண்டு. ஐடிஎக்ஸ் போர்டுகளில் பொதுவாக எஸ்எஸ்டி சொருகும் எம்.2 இடம் இரண்டு, அதில் ஒன்று போர்டின் அடிப்பக்கம். பின்னால் ஒரு நாள் அங்கே எஸ்எஸ்டி போட வேண்டும் என்றால் பல கேபினெட்டுகளில் பிசியை முழுவதும் பிரித்துப் போர்டை வெளியே எடுக்க வேண்டும். காற்றும் அங்கே போகாது. ஐடிஎக்ஸ் வாங்குகிறவர்கள் ஆரம்பத்திலேயே 2 டிபி வாங்கிவிடுவது நல்லது.

சூடு

வெளிநாட்டு அலசல்களில் அறை வெப்பநிலை 21, 22 டிகிரி என்று போட்டிருப்பார்கள். மே மாதம் மதுரையிலோ வேலூரிலோ ஏசி இல்லாத அறையில் 35க்கு மேல் இருக்கும். கூலரின் வேலை அறைச் சூட்டுக்கு மேலேதான் தொடங்குகிறது. அறை 14 டிகிரி கூடினால் சிப்பும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். பத்து லிட்டர் கேபினெட்டில் அங்கே 75 காட்டியது இங்கே 89ஐத் தொடும், ரைசன் 7 7800எக்ஸ்3டி ப்ராசசரின் வெப்ப வரம்பே 89 டிகிரிதான்.

அதற்காகச் சின்ன கேபினெட்டே கூடாது என்று சொல்லவில்லை. ப்ராசசரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 65 வாட் ரைசன் 5 7600 குட்டைக் கூலரிலும் அடங்கும். எக்ஸ்3டி வகைகள் கேம் ஓடும்போது தங்கள் 120 வாட் வரம்பைவிட நன்றாகக் குறைவாகவே இழுக்கும். 253 வாட் வரை போகும் கோர் ஐ9 14900கேயை டெர்ராவில் அடைப்பது வீம்பு. மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினெட்டில் டவர் கூலரும் நாலைந்து ஃபேனும் போகும் என்பதால், ஏசி இல்லாத அறைக்கு அதுதான் நிம்மதி. சத்தமும் குறைவு. சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றும்போது எழும் அந்தக் கீச்சுச் சத்தம் ஹெட்செட்டைக் கழற்றினால்தான் தெரியும், பக்கத்தில் தூங்குபவருக்கு எப்போதும் தெரியும்.

கட்டும் வேலை

மைக்ரோ ஏடிஎக்ஸ் பிசி கட்டுவது சாதாரண பிசி கட்டுவது மாதிரிதான், ஒரு மதியம் போதும். ஐடிஎக்ஸ், வீடு மாற்றும்போது குட்டியானையில் சாமான் ஏற்றுகிற கதை. எது முதலில் போக வேண்டும் என்று யோசிக்காமல் ஏற்றினால் பாதியில் எல்லாவற்றையும் இறக்க வேண்டி வரும். கூலரையும் அடிப்பக்க எஸ்எஸ்டியையும் வெளியிலேயே மாட்டுங்கள். ப்ராசசர் பவர் கேபிளைப் போர்டை உள்ளே இறக்கும் முன்பே சொருகுங்கள். முன்பக்க பட்டன் ஒயர்களைக் கடைசிக்கு விட்டால் விரல் போகாது.

யாருக்கு எது

மேசைக்கு மேலேயோ கீழேயோ ஒரே இடத்தில் இருக்கப்போகும் பிசி என்றால் மைக்ரோ ஏடிஎக்ஸ், 25 முதல் 33 லிட்டருக்குள் ஒரு கேபினெட். ஏசஸ் ஏபி201 (33 லிட்டர்), டான் ஏ3 இரண்டும் இந்த வகை. என் கைக்காசு என்றால் இதில்தான் போடுவேன். ஹாஸ்டலுக்கும் வீட்டுக்கும் பையில் தூக்கிப் போக வேண்டும், அல்லது டிவிக்குப் பக்கத்தில் கேம் கன்சோல் மாதிரி நிற்க வேண்டும் என்றால் ஐடிஎக்ஸ். அப்போது 12 லிட்டருக்குக் கீழே போங்கள். 18 லிட்டர் ஐடிஎக்ஸ்தான் என்னை யோசிக்க வைக்கும் இடம். ஐடிஎக்ஸின் விலை முழுவதும் கொடுத்துவிட்டு, பையில் போடவும் முடியாத அளவில் நிற்கிறது. என்ஆர்200 நல்ல கேபினெட், சந்தேகமே இல்லை. கார்டுக்கு 330 மி.மீ. வரை இடமும் தருகிறது. மேசையில் இடம் நிஜமாகவே குறைவாக இருப்பவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

இரண்டுக்கும் நடுவில் 203 × 170 மி.மீ. மினி டிடிஎக்ஸ் என்று ஒரு அளவு உண்டு, ஏஎம்டி 2007இல் அறிவித்தது. போர்டுகள் அத்திப்பூத்தாற்போலத்தான் வரும், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இன்னும் மனசு ஊசலாடினால் இதையும் பாருங்கள்: ஐடிஎக்ஸ் போர்டின் நாலு திருகுத் துளைகளும் ஏடிஎக்ஸ் துளைகளோடு பொருந்தும். அதனால் ஐடிஎக்ஸ் போர்டைப் பின்னால் எந்தப் பெரிய கேபினெட்டுக்கும் மாற்றலாம், மைக்ரோ ஏடிஎக்ஸைச் சின்னதற்கு மாற்ற முடியாது. ரைசன் ப்ராசசர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. படிப்பு, வேலை என்று இரண்டு வருடத்துக்கு ஒரு ஊர் மாறப்போகிறவர்களுக்கு, அந்தக் கூடுதல் விலை நாலைந்து வருடத்தில் பரவிவிடும். கேபினெட்டுக்கு ஆர்டர் போடும் முன், வாங்கப்போகும் கார்டின் நீளத்தோடு உயரத்தையும் பாருங்கள். பவர் கேபிள் வளைந்து வெளியே வரும் இடத்தையும் சேர்த்துத்தான் என்விடியா 151 மி.மீ. என்று வைத்திருக்கிறது. அந்த வளைவுக்கு இடமில்லாமல் மூடி மூடாமல் நிற்பது, சாண்ட்விச் கேபினெட்டுகளில் அடிக்கடி நடக்கிற விஷயம்.